எந்தப் படத்தை ஒட்டுவது?

விளையாட்டு வீரர்களின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்துக் கொப்பியில் ஒட்டி வைக்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் இன்னும் அற்றுப் போகவில்லை. கைத்தொலைபேசியின் திரையில் ஆயிரம் படங்கள் ஓடி மறையும் இக்காலத்திலும், தானே தேடித் தெரிந்தெடுத்த ஒரு படத்தைப் பசை தடவி ஒட்டுவதிலே ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது. ஆயின் அவ்வின்பத்தோடு ஒரு தொல்லையும் கூடவே வருகிறது. பக்கம் ஒன்று, படங்களோ பல. ஒரு வீரரின் தலைசிறந்த ஆண்டைக் காட்ட வேண்டுமானால் எந்தப் படத்தைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

தலவாக்கலைப் பக்கத்து மாணவர் இருவர் அண்மையில் இந்த வழக்கை என்னிடம் கொண்டு வந்தனர். பாடசாலைக் கண்காட்சிக்காக முத்தையா முரளிதரனின் தலைசிறந்த ஆண்டைக் காட்டும் அட்டை ஒன்றை அவர்கள் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. முன்புறத்தில் ஒரு படம், பின்புறத்தில் சில வரிகள், அவ்வளவே இடம். காலியில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்திய நாளின் படமே வேண்டும் என்றான் ஒருவன். 1998இல் ஓவல் மைதானத்தில் எடுத்த படந்தான் வேண்டும் என்றான் மற்றவன். "நீங்களே தீர்த்து வையுங்கள், சேர்" என்றனர் இருவரும். ஒரு வரியில் தீர்க்கக் கூடிய வழக்காக அது எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் இவ்வாரப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே பேஸ்போல் ஆட்டக்காரர்களின் அட்டைகளைச் சேர்ப்பது தலைமுறை தலைமுறையாக நிலவி வரும் பொழுதுபோக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்கச் செருகிய தடித்த அட்டையிலே படம் அச்சிடத் தொடங்கினர் வியாபாரிகள். இங்கிலாந்தின் வில்ஸ் கம்பெனி 1896இல் கிரிக்கெட் வீரர் ஐம்பதின்மரின் படங்களை இவ்வாறு வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவில் சூயிங்கம் விற்போர் இத்துறையில் இறங்கினர். அவர்களுள் பேர்போனது டொப்ஸ் என்னும் கம்பெனி. அட்டையின் அமைப்பு எளிமையானது: முகப்பிலே வீரரின் உருவம், முதுகிலே அவர் ஆட்டத்தின் கணக்கு.

இந்த எளிய அமைப்புக்குள்ளே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அட்டைகள் ஆட்டப் பருவம் தொடங்கும் காலத்தில் கடைக்கு வருவன. எனவே அட்டையின் முதுகில் இருப்பது கடந்த ஆண்டின் கணக்கு. மிக்கி மான்டில் என்ற ஆட்டக்காரர் 1956ஆம் ஆண்டில் 52 ஹோம் ரன்களை அடித்து, அடித்தாடும் சராசரி முதலாய மூன்று துறைகளிலும் ஒருசேர முதலிடம் பெற்றார். மூன்று முடிகளையும் ஒரே தலையில் சூடுவதென்பது அந்நாட்டிலே மிக அரிய செயல். ஆனால் 1956இல் வெளியான அவருடைய அட்டையைப் புரட்டினால் அங்கே 1955ஆம் ஆண்டின் கணக்கே காணப்படும். புகழ் பெற்ற அக்கணக்கைப் பார்க்க 1957ஆம் ஆண்டின் அட்டையை எடுக்க வேண்டும். அப்படியானால் 1956ஐக் காட்டுவது எந்த அட்டை? வரப்போவதை அறியாத முகமுடைய அட்டையா, எல்லாம் முடிந்த பின் கணக்கைச் சுமந்து வரும் அட்டையா? சேகரிப்போர் இதைப் பற்றி ஓயாமல் வாதாடுகின்றனர்.

இதனினும் விந்தையானது ஹங்க் ஆரன் என்பவரின் அட்டை. பேப் ரூத் என்னும் பழைய வீரர் அடித்த 714 ஹோம் ரன்களே நெடுங்காலம் எட்டாக் கனியாக இருந்தன. 1973ஆம் ஆண்டு முடிந்தபோது ஆரன் 713இல் நின்றார். டொப்ஸ் கம்பெனியோ பொறுக்கவில்லை. 1974ஆம் ஆண்டுத் தொகுதியின் முதல் அட்டையிலேயே அவரைப் புதிய மன்னர் என்று அச்சிட்டு விற்றது. 1974 ஏப்ரல் 8ஆம் திகதி அவர் 715ஆவதை அடித்த பின்னரே அந்த அட்டை உண்மையாயிற்று. இடைப்பட்ட அக்குளிர்காலத்தில், கறுப்பினத்தவரான அவர் வெள்ளையர் ஒருவரின் சாதனையை முந்துவதைப் பொறாதவர்கள் எழுதிய வெறுப்புக் கடிதங்கள் அவர் வீட்டிலே குவிந்தன. மகுடம் சூட்டிய அட்டையில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

படம் இன்றிக் கணக்கு மட்டும் எஞ்சுவதும் உண்டு. நம் நாட்டு மகாதேவன் சதாசிவம் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். அதைக் கண்ணாரக் கண்டவர்கள் வாயாரப் புகழ்ந்தனர். இன்றைய மாணவனுக்குக் கிடைப்பதோ 215 என்ற எண் ஒன்றே. அந்த மட்டை எப்படிச் சுழன்றது என்பதை எண் சொல்லாது.

ஆகவே முகப்பும் முதுகும் இரு வேறு சாட்சிகள் என்று கொள்ள வேண்டும். ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்வதில்லை. இவ்வளவையும் மனத்திற் கொண்டு நம்முடைய வழக்குக்கு வருவோம்.

முரளிதரன் 1972 ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியிலே பிறந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மாணவர். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 1992இல் டெஸ்ட் ஆட்டத்தில் காலடி வைத்த பேரன் 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010இல் ஓய்ந்தார். இவ்வளவு நீண்ட வரலாற்றிலிருந்து ஒரு படத்தை எடுப்பதென்றால் முதலில் நாம் எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஒரு நாளைக் காட்டும் படம் வேறு; ஓர் ஆண்டைக் காட்டும் படம் வேறு; ஒரு வாழ்வைக் காட்டும் படம் வேறு. மாணவர் இருவரும் பிணங்கியதன் காரணம் இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்ததே.

காலிப் படத்தைப் பார்ப்போம். 2010 ஜூலையில் இந்தியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தோடு டெஸ்ட் அரங்கை விட்டு விலகுவதாக அவர் முன்னரே அறிவித்துவிட்டார். கையிருப்பு 792. எட்டு விக்கெட்டுகள் கிடைக்குமா கிடைக்காதா என்பதை எந்த அட்டைக் கம்பெனியாலும் முன்கூட்டி அச்சிட முடியாது. மழை குறுக்கிட்டது, இறுதி நாளிலே கடைசி விக்கெட் நெடுநேரம் வீழ மறுத்தது. 22ஆம் திகதி பிரக்யான் ஓஜா தட்டிய பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தபோது கணக்கு நிறைந்தது. தோழர்கள் அவரைத் தோளில் தூக்கினர். மறக்கவொண்ணாத படந்தான் அது. ஆனால் 2010இல் அவர் ஆடியது அந்த ஒரே டெஸ்ட். அஃது ஒரு வாழ்வின் நிறைவைக் காட்டும் படம். ஓர் ஆண்டைக் காட்டும் படமன்று.

இனி ஓவல். 1998 ஆகஸ்ட் மாத இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 155 ஓட்டங்களுக்கு 7, இரண்டாவதில் 65 ஓட்டங்களுக்கு 9, ஆக 16 விக்கெட்டுகள். இரண்டாம் இன்னிங்ஸில் அவருக்குக் கிட்டாத ஒரே விக்கெட்டும் ரன் அவுட் முறையில் வீழ்ந்தது. இங்கிலாந்து மண்ணில் இலங்கை பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. அந்த ஆட்டத்தில் அவர் வீசியவை 113.5 ஓவர்கள். பெருமைக்குக் குறைவில்லை. எனினும் ஐந்து நாள் ஐந்து நாள்தான். அதை ஓர் ஆண்டு என்று சொல்ல இயலாது.

அப்படியானால் எந்த ஆண்டு? இவ்விடத்தில் திம்புள்ளப் பிள்ளைகளுக்கு வெளியார் ஒருவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தை பிறந்து பங்குனி வரையிலும் இங்கே வறண்ட குளிர்காற்று வீசும். கொழுந்து மெல்ல மெல்லத்தான் துளிர்க்கும், கூடை நிரம்பாது. ஆனால் அந்நாளைய தேயிலைக்குத்தான் உலகச் சந்தையிலே திம்புள்ள என்ற பெயரும் மணமும். சித்திரை, வைகாசி மழைக்குப் பின் கொழுந்து குவியும்; நிறை ஏறும்; மணம் இறங்கும். நிறை கூடிய மாதம் வேறு, பருவம் என்று சொல்லும் மாதம் வேறு. வீரரின் ஆண்டையும் இப்படித்தான் தேர வேண்டும். சாதனை எண் எட்டப்பட்ட ஆண்டு எது என்று பாராமல், அவருடைய கலை முழு மணத்தோடு இருந்த ஆண்டு எது என்று பார்க்க வேண்டும்.

கோட்னி வோல்ஷின் 519ஐ அவர் முந்தியது 2004 மே மாதம், ஹராரேயில். ஷேன் வோர்னின் 708ஐ முந்தியது 2007 டிசம்பர் 3ஆம் திகதி, சொந்த ஊராகிய கண்டியின் அஸ்கிரிய மைதானத்தில். இவை நிறை கூடிய நாள்கள். பருவம் என்று நான் கொள்வது இவற்றுக்கு நடுவே வரும் 2006ஆம் ஆண்டை. அவ்வாண்டில் 11 டெஸ்ட் ஆட்டங்களில் 90 விக்கெட்டுகள். ஓராண்டுக் கணக்கில் இதனை மிஞ்சி நிற்பது 2005இல் வோர்ன் எடுத்த 96. ஆனால் அவர் ஆடியவை 15 ஆட்டங்கள். வகுத்துப் பார்க்கட்டும் மாணவர்கள்: வோர்னுக்கு ஆட்டமொன்றுக்கு 6.4, முரளிதரனுக்கு 8க்கும் மேல்.

எண்ணோடு நில்லாமல் அந்த ஆண்டுக்குள்ளே நுழைந்து பார்ப்போம். இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் 10 விக்கெட்டுகள். ஆட்டத்தில் தோற்றது இலங்கை. அடுத்து ட்ரென்ட் பிரிட்ஜில் 11 விக்கெட்டுகள். அவற்றுள் இரண்டாம் இன்னிங்ஸில் மட்டும் 70 ஓட்டங்களுக்கு 8. 134 ஓட்டங்களால் வென்று தொடரைச் சமன் செய்தது இலங்கை. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 10 விக்கெட்டுகள். அந்த ஆட்டத்தில்தான் மஹேலவும் சங்கக்காரவும் இணைந்து 624 ஓட்டங்கள் குவித்தனர். உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. பின்னர் பி. சரவணமுத்து மைதானத்தில் 12 விக்கெட்டுகள். ஒரே விக்கெட் வித்தியாசத்தில் இலங்கைக்கு வெற்றி. தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் பத்தும் அதற்கு மேலும்! இந்நான்கிலும் ஒன்று தோல்வி, ஒன்று பிறர் புகழில் மறைந்தது என்பதை உன்னிப் பாருங்கள். நல்ல பருவத்திலும் எல்லா நாளும் மாலை விழுவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: ட்ரென்ட் பிரிட்ஜில், 2006 ஜூன் மாதத்தில், பந்து வீசிக் கொண்டிருக்கும் முரளிதரன். கை உயர்த்திக் களிக்கும் படம் வேண்டாம். கோப்பை ஏந்திய படமும் வேண்டாம். விழிகள் அகன்று, மணிக்கட்டு முறுகி, பந்து விரலை விட்டு நீங்கும் கணத்தின் படம் வேண்டும். அக்களிப்பு எந்த வீரருக்கும் பொது. அம்மணிக்கட்டு அவர் ஒருவருக்கே உரியது.

இங்கே ஒரு தடை எழும். அந்தக் கணத்தின் படத்தைத்தானே அவருக்கு எதிராகவும் காட்டினார்கள் என்பீர்கள். உண்மை. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்போர்ணில், கையை மடக்கி எறிகிறார் என்று சொல்லி நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை 'நோ போல்' கூறினார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. அசையாப் படத்திலே பார்த்தால் அந்தக் கை மடங்கியதாகவே தோன்றும். மடங்கிய கை மேலும் நிமிர்ந்ததா இல்லையா என்பதைப் படம் சொல்லாது. விஞ்ஞானிகள் அளந்தனர், 2004இல் கையைச் சட்டத்துக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவரே வீசியும் காட்டினார். எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை இடங்கொடுக்கும் விதி 2005இல் நடைமுறைக்கு வந்தது. படம் பொய் சொல்லாது என்று பலர் கூறுவர். பொய் சொல்லாவிட்டாலும், பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக் கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. மறுபாதியைச் சொல்வதற்கே அட்டைக்கு முதுகு வைத்தார்கள். முகப்பு அந்த ஆண்டினுடையதாக இருக்கட்டும். முதுகு அந்த ஆண்டு முடிந்த பின் எழுதியதாக இருக்கட்டும். வெற்றியோடு எட்ஜ்பாஸ்டன் தோல்வியும் அதில் ஏறட்டும்.

இவ்வளவும் ஒரு வீரரின் படத்தைப் பற்றிய பேச்சு. ஆயினும் இதை எழுதும்போது என் மனம் மைதானத்தை விட்டு நம் வீடுகளுக்குள் போய்விடுகிறது.

நம் தோட்டப்புறத்து லயங்களில் எத்தனையோ வீடுகளில் பாட்டனுக்கும் பாட்டிக்கும் இருப்பது ஒரே ஒரு படம். நெற்றி சுருங்கி, கண் கூசி, கமராவைக் கண்டு மிரண்டு நிற்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் படம். திருவிழாவில் எடுத்ததன்று, கலியாணத்தில் எடுத்ததுமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிய பின், விண்ணப்பத்துக்காக எடுத்த படம். அல்லது 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்ட பின், கடவுச்சீட்டுக்காக எடுத்த படம். அந்தப் படமே இன்று சட்டமிட்டுச் சுவரில் தொங்குகிறது; பொட்டு வைத்துப் பூவும் சாத்துகிறோம்.

அப்படத்தை இகழ்ந்து பேச வரவில்லை. அதுவும் இல்லாத வீடுகள் உண்டு. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள்: ஒரு மனிதரின் வாழ்விலே மிக அஞ்சிய நாளொன்றின் முகம் அவருடைய முழு வாழ்வுக்கும் முகமாகி விட்டது. மெல்போர்ண் படத்தை ஒட்டிவிட்டு இதுதான் முரளிதரன் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அவர்களுடைய பருவம் எது? செக்ரோலில் நாள்தோறும் முழுப் பெயர் விழுந்த ஆண்டா? தலைப்பிள்ளை முதன்முதலாகப் பாடசாலைக்குப் போன ஆண்டா? காமன் கூத்தில் பாட்டன் வேடங்கட்டி ஆடிய ஆண்டா? தோட்டக் கணக்கிலே எத்தனை இறாத்தல் கொழுந்து என்பது மட்டும் எழுதப்பட்டது. சதாசிவத்தின் 215ஐப் போல, அந்த எண்ணும் ஆளைக் காட்டாது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். முரளிதரனின் அட்டையை முடித்த கையோடு வீட்டாருக்கும் ஓர் அட்டை செய்யுங்கள். விதிகள் அவையேதாம். முதலாவது, எந்த ஆண்டு என்பதைப் பெரியவரிடமே கேளுங்கள். உங்களுக்குப் பெரிதாய்த் தோன்றுவது அவருக்குப் பெரிதாய் இராது. இரண்டாவது, அவர் தம் வேலையிலோ விருப்பிலோ ஈடுபட்டிருக்கும் படத்தைத் தேடுங்கள். உறவினர் வீட்டுப் பெட்டிகளில் கலியாணக் கூட்டத்தின் ஓரத்திலே அவர் நிற்கக் கூடும். படமே கிடையாதென்றால் முகப்பை வெறுமையாக விடுங்கள். இல்லாததை வரைந்து நிரப்ப வேண்டாம். மூன்றாவது, முதுகை மறவாதீர்கள். ஆண்டு, இடம், உடனிருந்தோர் பெயர், அவர் வாயால் சொன்ன இரண்டு செய்திகள், அவற்றுள் ஒன்று துன்பமானதாக இருப்பினும் சரி, அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

மையால் எழுதினால் நாளடைவில் ஊறி முகத்தைக் கறையாக்கும். பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். கேட்க வேண்டியவர்கள் உயிரோடிருக்கையிலே, இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதுங்கள்.